பலகையில் ஏறாத காயங்கள்

எண்பதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகை. எண் கூடினால் எல்லோருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். உள்ளே, இரண்டு கைகளாலும் பட்டனை அழுத்தி ஓட்ட வேண்டிய பவர் பிரஸ்ஸில் ஒரு பட்டனை நிரந்தரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அப்போதுதான் உற்பத்திக் கணக்கு எட்டும். அது ஆபத்து என்று சொன்னவரிடம், "உனக்கு மட்டும் என்னய்யா பயம்?" என்றார் போர்மேன். அடுத்த வாரம் ஆபத்தைச் சொன்னவர் கையில் துடைப்பம். அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை.

காயத்தால் 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போனால் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். விரல் நசுங்கியவரை மறுநாளே ஆட்டோவில் கூட்டிவந்து, கட்டுப்போட்ட கையோடு டைம் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர் வேலைக்கு வந்தவர். பலகையில் இன்னொரு நாள் கூடியது.

போபால் ரசாயன ஆலையிலும் 1981-லேயே பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார்; தொழிற்சங்கம் எச்சரித்தது. கேட்பாரில்லை. 1984 டிசம்பரில் அதே ஆலையின் விஷவாயுவால் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகு, 1987 சட்டத் திருத்தம் அபாயகரமான ஆலைகளில் ஆபத்தைச் சுட்டிக்காட்டுவதைத் தொழிலாளியின் உரிமையாக்கியது.

பின்னாளில் நான் மாறிய ஆலையில் மயிரிழையில் தப்பியதைக்கூடச் சீட்டில் எழுதிப் போடலாம். சூப்பர்வைசர் "யார் செஞ்சது?" என்று கேட்க மாட்டார், "எப்படி ஆச்சு?" என்பார். இயந்திரத்தில் தளர்ந்த பாதுகாப்புத் தடுப்பு அன்றைக்கே முடுக்கப்படும். எழுதியவர் பெயர் சொல்லி நன்றி கூறுவார்கள். சீட்டுகள் குவியக் குவிய மேலாளர் மகிழ்ந்தார். அமெரிக்க விமானத் துறை 1976-லேயே இந்த வழிக்கு வந்துவிட்டது: விமானிகளின் தகவல்களைப் பெறும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரமில்லாத நாசாவிடம் தரப்பட்டது.

இன்று நல்ல ஆலைகளிலும் ஒப்பந்தத் தொழிலாளி எழுதத் தயங்குகிறார். நிரந்தர வேலை உள்ளவருக்குக் கிடைத்த தைரியம் அவருக்கும் கிடைக்க வேண்டும். ஓர் ஆலை பாதுகாப்பானதா என்று அறிய வாசல் பலகையைப் பார்க்காதீர்கள். ஆபத்தை எழுதிக் கொடுத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த மாதமும் கேட் பாஸ் கிடைத்ததா என்று விசாரியுங்கள்.