எண்பதாம் நம்பர் தாள்

பலகையாரை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. விரல் முட்டியை வைத்துத்தான் காண வேண்டும். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிடுவார்கள், இவர் நிலைக்காலைத் தட்டுவார். வடகாட்டுப் பக்கம் பலாப்பழம் வாங்குகிறவர் காதை ஒட்டி வைத்துக் கொட்டிப் பார்ப்பாரே, அதே கவனம், அதே அரைக்கண் மூடல். சத்தம் சரியாக வந்தால் தேக்கு. சரியாக வராவிட்டால் அந்த வீட்டில் காப்பி குடிக்கும் ஆர்வமே அவருக்குப் போய்விடும். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார், அல்லது பெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. புதுக்கோட்டையின் ராஜவீதிகளைத் தாண்டி விரிந்திருக்கும் நகர்களில் தெருவுக்கு ஒருவர் உண்டு என்றால் மிகை. இரண்டு தெருவுக்கு ஒருவர் என்றால் அவரே ஒப்புக்கொள்வார், ‘ஆனா மத்தவுகளுக்கு மரம் தெரியாது’ என்ற திருத்தத்தோடு. பழமையைக் காப்பாற்றும் வேலையைத் தன் தலையில் யாரோ சுமத்தியிருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. பழசின் மேல் அவருக்கு ஆசை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆசை பழசாகவே இருக்கிற பழசின் மேல் இல்லை. இன்னொருவர் வீட்டுப் பழசைச் சுரண்டிப் புதுசாக்கி, அதற்குத் தன் தாத்தாவின் பெயரை வைப்பதில்தான் இருக்கிறது. இதைப் பொறாமையில் சொல்வதாக அவர் நினைப்பார். ஆகவே அவருடைய சாப்பாட்டு அறையையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

கதை எப்போதும் சாப்பாட்டு அறையில்தான் தொடங்குகிறது. கண்ணாடி மேஜையும் இரும்புக் கால் நாற்காலியும் ‘செட்’ ஆகவில்லை, அறையை மாற்ற வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானோதயம் வருகிறது. அடுத்த ஞாயிறு காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் உத்தரமும் தூணும் கதவும் பெட்டகமும் எனாமல் தூக்குச்சட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். இவர் அங்கே வாங்குவது பலகை மட்டும் அல்ல, பலகையோடு ஒரு வாக்கியமும் சேர்த்துத்தான். ‘பெரிய வீட்டுச் சாமான் அண்ணே’ என்பது சாதாரண ரகம். ‘தொண்டைமான் அரண்மனையில இருந்தது’ என்பது உயர்ந்த ரகம். விலையும் அதற்குத் தக்கபடி. மாவட்டத்தில் இப்படி அரண்மனைச் சாமான் என்று சொல்லிக்கொள்ளும் மேஜைகளை எல்லாம் ஒன்று சேர்த்தால், அவற்றைப் போட்டுவைக்கப் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் இன்னும் நாலைந்து அரண்மனை கட்டியிருக்க வேண்டும். உண்மையான அரண்மனையோ இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அங்கே இருக்கிற மேஜைகளின் மேல் கோப்புகள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு பாலிஷ் போட வேண்டும் என்று எந்தப் பலகையாரும் மனுநீதி நாளில் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

வாங்கி வந்த பலகையின் உண்மையான கதை, கடைக்காரர் சொன்னதைவிட நல்ல கதை. செட்டிநாடு என்றதும் எல்லோருக்கும் காரைக்குடிதான் நினைவுக்கு வரும். ஆனால் ராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாபட்டு, பனையப்பட்டி என்று திருமயம் பக்கத்து ஊர்கள் பலவும் அந்தச் செட்டிநாட்டைச் சேர்ந்தவை, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் இருப்பவை. ரங்கூனிலும் ஐராவதிப் படுகையிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார், அங்கே விளைந்த தேக்கைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வீடு கட்டினார்கள். முகப்பில் தூண், வளவைச் சுற்றித் தூண், தலைக்குமேல் உத்தரம், வாசலில் ஆள் உயரத்துக்கும் மேலான கதவு. 1930களின் பொருளாதார மந்தம் அந்த வருமானத்தின் கழுத்தைப் பிடித்தது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்ததும் பர்மாக் கணக்கு மூடிப்போயிற்று. வீடு நின்றது, பணம் நின்றுவிட்டது. பிறகு ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊர், கூரை ஓடு மாற்றுவது யார் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் வீட்டைப் பிரித்து மரத்தை எடை போடுகிறார்கள். பலகையாரின் சாப்பாட்டு மேஜை என்பது இப்படிப் பிரிந்த ஒரு குடும்பத்தின் இரண்டாங்கட்டுக் கதவு, நாலு கால் முளைத்து நிற்பது. அதில் தாழ்ப்பாள் இருந்த ஓட்டை தெரியும். அந்த இடத்தை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிட்டு, ‘எங்க பாட்டையா காலத்து டைனிங் டேபிள்’ என்பார்.

இங்கேதான் எனக்கு முதல் சந்தேகம். அவருடைய பாட்டையா காலத்தில் டைனிங் டேபிள் எங்கே இருந்தது? செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலேயே பந்தி என்றால் தரையில் பாய் விரித்து, வரிசையாக இலை போட்டுத்தான். சில வீடுகளில் சீமைச் சாமானும் மேஜையும் இருந்தன. வெள்ளைக்கார விருந்தாளிக்கும் போட்டோவுக்கும் அவை உதவின என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி ஆலங்குடிப் பக்கத்திலோ கறம்பக்குடிப் பக்கத்திலோ கடலை விதைத்த ஒரு சம்சாரியின் வீட்டில் மணைப்பலகை இருந்திருந்தாலே அது பெரிய காரியம். அந்த வீட்டுக்கு மரமே இல்லையா என்றால், இருந்தது: தோட்டத்துப் பலா, வாசல் வேம்பு, வரப்புப் பூவரசு. பலாமரக் கதவு மஞ்சளாகத் தொடங்கி வருஷம் போகப் போக வெல்ல நிறத்துக்கு வரும். உளிக்கு இணங்கும், கறையான் எளிதில் நெருங்காது. பலகையாரின் சொந்த ஊர் வீட்டில் அப்படி ஒரு கதவு இருந்தது. அந்த வீட்டை இடித்துத் தளம் போட்டபோது, அது செங்கல் சூளைக்குப் போனதா, கோயில் கொடைக்கு விறகாகப் போனதா என்று இப்போது அவருக்கே நினைவில்லை. தைலமரமும் முந்திரியும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்து வந்த தேக்கை ‘நம்ம மண்ணோட மரம்’ என்று தடவிக் கொடுக்கிறார். தன் தாத்தா தொட்ட கதவு அடுப்பில். யாருடைய தாத்தாவோ தொட்ட கதவின் மேல் தன் சாதம். தத்துப் போவது பிள்ளைகள்தான் என்று நினைத்திருந்தோம். தாத்தாக்களையும் காசு கொடுத்துத் தத்து எடுக்கலாம் என்று பலகையார் காட்டிவிட்டார்.

சரி, யாருடைய பழசாக இருந்தால் என்ன, பழசுதானே என்று கேட்கலாம். அப்படியே இருந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் பலகை வீட்டுக்கு வந்த மறுநாளே உப்புத்தாள் வருகிறது. உப்புத்தாளுக்கு நம்பர் உண்டு. நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம். முதலில் 80-ஆம் நம்பர், பிறகு 120, 180, 220, கடைசியில் 320 என்று படிப்படியாக வழவழப்பை நோக்கிப் போக வேண்டும். தேக்கின் மேல்தோல் கறுத்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு: வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் ஆழ்ந்தது, விளக்குப் புகை, விசேஷ நாள் எண்ணெய், ஆயிரம் கைகளின் வியர்வை. இவை அத்தனையும் சேர்ந்து ஒரு தாளின் தடிமன்கூட இருக்காது. அந்தத் தோலைத்தான் ‘அழுக்கு’ என்று 80-ஆம் நம்பர் தாள் போட்ட மெஷினால் ஒரே மத்தியானத்தில் எடுத்துவிடுகிறார். 80 வருஷத்துக்கு 80-ஆம் நம்பர். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருக்கிறது. அடியிலிருந்து இளம்பொன் நிறத்தில் மரம் வெளியே வருகிறது, நேற்று அறுத்ததுபோல. அதைப் பார்த்ததும் பலகையாருக்கு ஒரு திகில்: இது பழசு மாதிரியே இல்லையே! உடனே கடைக்கு ஓடிக் கருந்தேக்கு நிறச் சாயம் ஒரு டப்பா வாங்கி வந்து பூசுகிறார். காலம் இலவசமாகப் பூசிய கறுப்பைக் காசு கொடுத்து எடுத்துவிட்டு, கம்பெனி விற்கும் கறுப்பைக் காசு கொடுத்துப் பூசுகிற இந்தப் பொருளாதாரம் எனக்குப் புரியவில்லை. கூட நிற்கிற ஆசாரிக்குப் புரிகிறது. இரண்டு வேலைக்கும் தனித்தனியாகக் கூலி.

‘பெரியவுகளும்தான் கதவுக்கு எண்ணெய் போட்டாக, வார்னிஷ் அடிச்சாக. அது தப்பில்லேன்னா இது மட்டும் தப்பா?’ என்று அவர் கேட்பார். நல்ல கேள்வி. அவர்கள் போட்டார்கள்; இவர் எடுக்கிறார். துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தவர்கள் மரத்தின் மேல் இன்னொரு வருஷத்தை ஏற்றினார்கள். மெஷின் பிடித்தவர் இருந்த வருஷங்களை இறக்கிவிடுகிறார். பராமரிப்புக்கும் புதுப்பித்தலுக்கும் நடுவில் இவ்வளவுதான் தூரம், ஆனால் தாண்டிவிட்டால் திரும்ப வர வழி கிடையாது. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சுவர்ப்பூச்சைச் சுரண்டித் தள்ளியபோது, வில்லியம் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார். அதற்கு வைத்த செல்லப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்று வரும். மோரிஸ் பிற்பாடு சோஷலிஸ்டாகவும் ஆனதால் தமிழில் அந்தப் பெயர் அவருக்கு இரண்டு வகையிலும் பொருந்துகிறது. நல்லவேளை, நம் பக்கத்துச் சித்தன்னவாசல் குகைக்கோயில் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. தாமரைக் குளத்து ஓவியம் மங்கித் தெரிவதைப் பார்த்துவிட்டு, ‘ஒரு கோட்டிங் குடுத்தா பளிச்சுனு ஆயிரும்’ என்று நினைக்காத பலகையார் ஒருவர்கூட அந்தப் படியில் ஏறியிருக்க மாட்டார்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். அவர் வாங்காவிட்டால் அந்தக் கதவு துண்டு துண்டாக அறுபட்டு எங்கோ போயிருக்கும். காட்டில் இன்னொரு மரம் விழுந்திருக்கும். முழங்கால் தேய்ந்த வயதில் தரையில் சப்பணம் போட்டுச் சாப்பிடு என்று எந்தப் பண்பாட்டுக் காவலரும் கட்டளையிட முடியாது, மேஜை தேவைதான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைவிடத் தேக்கு நூறு மடங்கு மேல் என்பதிலும் சண்டை இல்லை. அதற்கெல்லாம் ஈரத்துணியும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் போதும், ஆட்டம் கண்ட காலுக்கு ஒரு ஆப்பும் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது விளையாட்டுக்கு இல்லை. பழைய கதவுகளில் பச்சையும் நீலமுமாகப் பெயிண்ட் பூசியிருப்பார்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் பூசியதில் எவ்வளவு ஈயம் என்று கதவைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதை மெஷின் வைத்துப் பொடியாக்கி வராந்தா முழுக்கப் பறக்கவிட்டு, கோடை விடுமுறைக்கு வந்த பேத்தியை ‘இங்க வா தங்கம், தாத்தா என்ன பண்றேன் பாரு’ என்று கூப்பிடுகிறார். ஈயப்பொடி குழந்தையின் மூளையோடு விளையாடக்கூடியது. முகமூடி அவரிடம் இருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கியது, சாவிக்கொத்தோடு ஆணியில் தொங்குகிறது.

இனி பாலிஷ். பி.யூ. பூச்சு என்று ஒன்று உண்டு; சூடு தாங்கும், தண்ணீர் தாங்கும். ஆனால் பலகையார் அதைத் தொடமாட்டார், ‘அது பிளாஸ்டிக்’ என்பார். அவருக்கு வேண்டியது அரக்கு பாலிஷ். அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணிக்குள் வைத்துப் பொட்டணமாகக் கட்டி, வட்டம் வட்டமாக நாள் கணக்கில் தேய்ப்பது. அழகு என்றால் அதுதான் அழகு. கீறல் விழுந்தால் மறுபடி தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்று அவர் சொல்வதும் உண்மை. ஆனால் அரக்குக்கு ஆகாதவை மூன்று: ஸ்பிரிட், ஈரம், சூடு. முதலாவதை விடுங்கள், தமிழ்ச் சாப்பாட்டில் மற்ற இரண்டும் இல்லாத பதார்த்தம் எது? அரக்கு மாளிகை என்ன ஆயிற்று என்று பாரதம் கேட்டு வளர்ந்த சமூகம், அரக்கு மேஜையின் மேல் கொதிக்கிற ரசத்தை இறக்கி வைக்க ஆசைப்படுகிறது. ஆகவே மேஜை மேல் கண்ணாடி வருகிறது. கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்கப் பிளாஸ்டிக் விரிப்பு வருகிறது. விரிப்பு அழுக்காகாமல் இருக்க அதன்மேல் தினசரித் தாள். இத்தனைக்கும் கீழே பர்மாத் தேக்கு பத்திரமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அறை ‘செட்’ ஆகிவிட்டது. அதற்குப் பொருத்தமாகத் தரையில் ஆத்தங்குடிக் கல், தலைக்குமேல் பித்தளை விளக்கு, சுவரில் யாருடையதோ என்று தெரியாத ஒரு பழைய குடும்பப் போட்டோ. வீட்டில் உள்ளவர்கள் ஹாலில் டிவி முன்னால் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

என்றாலும் பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வருவார்கள், கண்ணாடியை எடுத்துவிட்டு மேஜையைக் காட்டத்தான் வேண்டும். அன்றைக்குப் பார்த்து வீட்டம்மா சாம்பார்ச் சட்டியைப் பிரிமனை இல்லாமல் அப்படியே இறக்கி வைத்துவிடுவார். எடுத்ததும் வெள்ளையாக ஒரு வட்டம், பௌர்ணமி மாதிரி. அந்த மேஜையில் இருக்கிற அத்தனையிலும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான முதல் தழும்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ராயவரத்துக்காரர் எவரோ போட்டதும் டப்பாவிலிருந்து வந்ததும். ‘இருந்துட்டுப் போகட்டுமே, நம்ம பொங்கலுக்கு வந்ததுன்னு ஒரு அடையாளம்’ என்று சம்பந்தியம்மா சமாதானம் சொல்கிறார். பலகையார் சிரித்துக்கொண்டே பாயசத்தை முடிக்கிறார். காணும்பொங்கல் கழிந்து கீழராஜவீதியில் ஹார்டுவேர் கடை திறக்கிற முதல் நாள், திறக்கிற நேரத்துக்கே அங்கே நிற்கிறார். கடைப்பையன் அவர் முகத்தைப் பார்த்ததுமே உப்புத்தாள் கட்டை எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டுக் கேட்கிறான்: ‘எண்பதா, நூத்தி இருபதாண்ணே?’