புழங்காக் காசின் பெருமை: அமெரிக்க வெள்ளி டாலர் குறித்த ஓர் ஆய்வு

1. கருதுகோள்

பணம் எதற்கு என்று கேட்டால், செலவழிக்க என்கிறது உலகம். இது பிழை என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், 1878 முதல் 1904 வரையிலும் பின்பு 1921இலும் அமெரிக்காவில் அச்சான மார்கன் டாலர். எடை 26.73 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. நமது கருதுகோள் எளியது: ஒரு காசு, காசாக எந்த அளவுக்குத் தோற்கிறதோ அந்த அளவுக்கு அதன் விலை ஏறும்.

2. பிறப்பு

1873ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளி டாலருக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வெள்ளிச் சுரங்கக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களைக் குளிர்விக்க 1878இல் பிளாண்ட்-அல்லிசன் சட்டம் வந்தது. மாதந்தோறும் 20 முதல் 40 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி, அதைக் காசாக அடித்தே தீர வேண்டும் என்று கருவூலத்துக்குக் கட்டளை. பொதுமக்களோ சட்டைப்பையைக் கிழிக்கும் அந்தக் கனத்தை விரும்பவில்லை; தாள் நோட்டே போதும் என்றார்கள். எனவே அடித்த காசெல்லாம் ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டுண்டு பெட்டகம் புகுந்தது. வாங்கியவரும் அடித்தவரும் பூட்டி வைத்தவரும் ஒருவரே. கருதுகோளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

3. இறகியல்

காசின் பின்பக்கத்தில் ஒரு கழுகு. 1878இல் முதலில் வந்த கழுகுக்கு வாலில் 8 இறகு. பிறகு 7 என்று திருத்தினார்கள். பழைய அச்சுகளின் மேலேயே புதுக் கழுகைப் பதித்ததில், 7 இறகுக்கு அடியிலிருந்து பழைய இறகுகளின் நுனி எட்டிப் பார்க்கும் காசுகளும் பிறந்தன. இம்மூன்று வகையும் இல்லாத சேகரிப்பு முழுமையானதல்ல என்பது அறிஞர் துணிபு. லென்ஸை வைத்துக்கொண்டு கழுகின் பின்புறத்தை மணிக்கணக்கில் நோக்குவது பறவையியலில் சேருமா, பொருளியலில் சேருமா என்பது தனி ஆய்வுக்குரியது.

முன்பக்கத்தில் சுதந்திர தேவி. இவருக்கு மாதிரியாக அமர்ந்தவர் பிலடெல்பியா பள்ளி ஆசிரியை அன்னா வில்லஸ் வில்லியம்ஸ். 1888இல் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலை பயன்படுத்திய ஓர் அச்சில் பிசகு இருந்ததில், சில காசுகளில் இவருடைய உதடு இரட்டித்துவிட்டது. ஒழுங்கான உதடுள்ள காசைவிட இந்தக் காசுக்கு விலை அதிகம். தோல்விக்குத் தனி மதிப்பு உண்டு என்பது இதனால் பெறப்படும்.

4. அழிவியல்

முதல் உலகப் போரின்போது, இந்தியாவில் தாள் நோட்டு வைத்திருந்தவர்கள் வெள்ளி ரூபாய் கேட்டு நெருக்கினார்கள். பிரிட்டிஷ் அரசிடம் போதிய வெள்ளி இல்லை. 1918இல் பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி இந்தியாவுக்கென்றே விற்கப்பட்டது. ஆகவே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பதித்த ரூபாயில் பிலடெல்பியா ஆசிரியையின் கன்னம் கலந்திருக்க இடமுண்டு. உருக்கியதற்கு ஈடாக மறுபடி வெள்ளி வாங்கி மறுபடி டாலர் அடிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். 1921இல் மார்கன் டாலர் மறுபிறவி எடுத்ததன் காரணம் இதுவே.

எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. இந்த மறதியின் மேல்தான் சேகரிப்புக் கலை எழுந்து நிற்கிறது. நியூ ஆர்லியன்ஸில் 1903இல் அடித்த டாலர் ஏறக்குறைய அழிந்தே போனதாக நம்பி, அதற்குப் பெருவிலை வைத்திருந்தார்கள். 1962இல் கருவூலத்தார் பழைய பைகளை வெளியே எடுத்தார்கள். பை பையாக அதே காசு கொட்டியது, விலை தரைதட்டியது. சேகரிப்பவருக்குத் திருடனைவிடப் பெட்டகச் சாவி ஆபத்தானது.

5. தரவியல்

காசின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் அளக்கிறார்கள். பழைய செப்புக் காசுகளுக்காக 1949இல் இதை வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். உளவியலாளர், மனித உடல்களையே மூன்று வகையாகப் பிரித்துப் பெயரெடுத்தவர். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்துவிட்டார் என்பது அவர் மறைவுக்குப் பின் தெரியவந்தது. தரம் பிரிப்பதில் அவருக்கிருந்த தேர்ச்சியை இனி யாரும் ஐயுறத் தேவையில்லை.

இந்த அளவுகோலில் ஒரே ஓர் எண் கூடினால் விலை பல மடங்காகலாம். அந்த ஓர் எண்ணைத் தீர்மானிப்பது தேவியின் கன்னத்துக் கீறல். கடைப்பக்கமே போகாத காசுக்குக் கீறல் எப்படி? ஒரே பைக்குள் ஆயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டதில் வந்தது.

6. மகுடச் சான்று

அமெரிக்கக் காசுகளின் அரசன் என்று பெயர்பெற்றது 1804ஆம் ஆண்டு டாலர். அது 1804இல் அடிக்கப்படவே இல்லை. சுமார் 30 ஆண்டு கழித்து, சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிப்பதற்காகப் பழைய தேதியிட்டு அடித்தார்கள். சொன்ன ஆண்டில் பிறக்கவில்லை, செலவுக்கும் அனுப்பப்படவில்லை. ஆகவே ஏலத்தில் கோடிகள்.

7. பரிந்துரையும் முடிவும்

வாங்கிய டாலர் கறுத்திருந்தால் விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம். குத்துவிளக்குக்கு ஆகும் பளபளப்பு காசுக்கு ஆகாது. அந்தக் கறுப்புக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

கருதுகோள் நிறுவப்பட்டது. ஐயமுள்ளவர்கள் ஒரு மார்கன் டாலரை நியூயார்க்கில் எங்காவது நீட்டிக் காபி கேட்டுப் பார்க்கலாம். சட்டப்படி அது இன்றும் செல்லும் காசு. மதிப்பு ஒரு டாலர். காபிக்குப் போதாது.