படுக்கையிலிருந்து பொறுப்புக்கு: ஒரு பிரெஞ்சு வினைச்சொல்லின் வேர் குறித்த முதற்கட்ட ஆய்வு

ஒரு கடமை ஒருவர் தலையில் வந்து விடிவதைச் சொல்ல, பிரெஞ்சில் 'அங்கோம்பே' என்றொரு வினை உண்டு. இதன் வேர் லத்தீன் 'இன்கும்பெரெ'. பொருள்: மேலே படுத்தல். பொறுப்பை நாம்தான் தூக்கிச் சுமப்பதாகப் பலரும் நினைத்திருக்க, அதுவே வந்து நம் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. (கள ஆய்வு: சாய்வு நாற்காலி, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.)

லத்தீன் படுக்கை வகைகளில் நான்கு இங்கே.

அ) 'அக்கும்பெரெ': பந்தியில் சாய்தல். ரோமானியர் விருந்துண்ட முறை.

ஆ) 'கொன்கும்பெரெ': உடன் படுத்தல். குடும்ப இதழாகையால் இப்பகுதி நீக்கப்பட்டது.

இ) 'சுக்கும்பெரெ': அடியில் கிடத்தல், அதாவது தோற்றல்.

ஈ) 'இன்கும்பெரெ': நம் பொருள். ரோமானியர் தம் வாளின் மேல் விழுந்து உயிர்விடுவதையும் இச்சொல்லாலேயே குறித்தனர். பொறுப்பேற்றலின் உச்சம் அது.

ஈ-யின் உட்பிரிவு கோழி. இதே குடும்பத்து 'குபாரெ'தான் பிரெஞ்சில் 'கூவே' ஆகி அடைகாத்தலைக் குறிக்கிறது. கோழி முட்டைமேல் படுத்தால் 21ஆம் நாள் குஞ்சு. (காண்க: என் அச்சேறாத ஆய்வேடு, அடிக்குறிப்பு 7. அது 'விரிவுக்குக் காண்க' என்று அனுப்பும் இடம் இந்தப் பத்தி.) பிரெஞ்சு அகாதெமியோ தன் அகராதியின் 8ஆம் பதிப்பை 1935இல் முடித்து, 9ஆம் பதிப்பை 2024இல் பொரித்தது. 89 ஆண்டு அடை. அகாதெமியின் 40 இருக்கைகளில் கோழிக்கு ஒன்றுகூட இல்லை. அவற்றில் அமர்ந்திருப்போரைப் பிரான்சில் 'அமரர்கள்' என்பார்கள்; தமிழில் அச்சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருள் தற்செயலே.

இனி 'அங்கோம்பே'யின் இலக்கணம். இவ்வினை படர்க்கையில் மட்டுமே வரும். தன்மை இல்லை, முன்னிலை இல்லை. 'நான்' இதற்கு எழுவாய் ஆக வழியில்லை. வேண்டுமானால் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் அடியில் கிடக்கலாம். பொறுப்பைச் சொல்லப் பிறந்த வினையே 'நான்' என்று வாய் திறக்காதது பிறருக்குப் புதிராகலாம். 'எனக் கருதப்படுகிறது', 'எனத் துணியப்படுகிறது' என்றே 300 பக்கம் ஓட்டி, கருதியது யார், துணிந்தது யார் என்பதைக் கடைசிவரை காட்டிக்கொடுக்காத நம் ஆய்வேட்டாளர்களுக்கு இது தாய்மொழி.

இக்கட்டுரையில் பிழை உண்டெனில் அதற்கான பொறுப்பு படர்க்கையையே சாரும்.