முன்வெட்டுத் துணியும் தைக்காமையும்: ஓர் ஆய்வு

க்வில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை: மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சு, அடியில் முழுத்துணி, மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல். இதைக் கைவேலையாகக் கொண்ட அமெரிக்கர்களுக்கென்று கம்பெனிகளே துணியை அளவாக வெட்டிப் பொட்டலமாக விற்கின்றன. இரண்டரை அங்குல அகலப் பட்டைகள் நாற்பதைச் சுருட்டி ரிப்பன் கட்டினால் ஜெல்லி ரோல். மோடா நிறுவனம் வைத்த பெயர் அது. பத்து அங்குலச் சதுரங்களின் அடுக்கு லேயர் கேக். ஒன்றரை அங்குலப் பட்டைகள் ஹனி பன். பெயரிட்டவர்கள் பசியோடு இருந்திருக்க வேண்டும். இப்பொட்டலங்கள் தையலறை அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் பிரிபடாமல் கிடப்பதைச் சோம்பல் என்றும் பேராசை என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. இரண்டும் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. முன்வெட்டுத் துணி மூலப்பொருள் அன்று, முடிந்த பொருள். அதை அடுக்கி வைத்திருப்பவர் வேலையைத் தள்ளிப்போடுபவர் அல்லர், வேலையை முடித்தவர்.

முதற்சான்று கணக்கிலிருந்தே கிடைக்கிறது. ஜெல்லி ரோல் பட்டையின் நீளத்தை 42 அங்குலம் என்று கொண்டால், நாற்பது பட்டைகளின் பரப்பு 4,200 சதுர அங்குலம். லேயர் கேக்கில் வழக்கமாக 42 சதுரங்கள், அதுவும் 4,200. ஐந்து அங்குலச் சதுரங்கள் 42 கொண்ட சார்ம் பேக்குகள் நான்கைச் சேர்த்தால் மீண்டும் அதே 4,200. ஆக, ஒரே அச்சுத் தொகுப்பை மூன்று வடிவத்திலும் வாங்கி வைப்பவருக்குத் துணி தேவைப்பட்டது என்று வாதிடக் கணிதம் இடம் தராது. அவருக்கு வேண்டியிருந்தது வடிவம். அந்த வடிவத்தைக் கெடுப்பதோ தையல். க்வில்ட் தையலில் ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் உள்மடிப்புக்குப் போகிறது. இரண்டரை அங்குலப் பட்டை இரண்டு அங்குலமாகிறது. அதாவது நாற்பது பட்டைகளை இணைத்தால் எட்டுப் பட்டை அளவு துணி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இரண்டரை அங்குலச் சதுரத்தின் கதை இன்னும் மோசம்: ஆறேகால் சதுர அங்குலம் நான்காகச் சுருங்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம். அலமாரியில் இருக்கும் துணிக்கு இந்தச் சேதாரம் கிடையாது. நகைக்கடையில் சேதாரத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

வெட்டும் நேரத்தை மிச்சப்படுத்தத்தானே இவற்றை வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். வெட்டும் சிரமத்தை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இலேயே பெருமளவு தீர்த்துவிட்டது. பீட்சா வெட்டுவது போல உருளும் வட்டக் கத்தி பல அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் அறுக்கும். தைக்க நேரமில்லை என்பதும் நிற்காது. ஜெல்லி ரோல் ரேஸ் என்றொரு முறை இருக்கிறது: நாற்பது பட்டைகளையும் நுனியோடு நுனி இணைத்து ஒரே நீளப் பட்டையாக்கி, அதை இரண்டாக மடித்துப் பக்கவாட்டில் தைத்து வெட்டி, மறுபடி மடித்து, இப்படி ஐந்து தடவை செய்தால் மேல்துணி தயார். ஒரு பிற்பகல் போதும். ஒரு பிற்பகல் பத்தாண்டுகளாக வாய்க்கவில்லை என்றால் காரணம் கடிகாரத்தில் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. க்வில்ட் சிக்கனத்தின் பிள்ளை, அதைப் பதுக்கலுக்குச் சாட்சியாக்கலாமா என்பது அது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பெண்கள் உழைத்துத் தேய்ந்த ஆடைகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஓவியங்களைப் போல் தொங்கின. 1930-களில் மாவும் தீவனமும் வந்த பருத்திச் சாக்குகள் போர்வையாயின. பெண்கள் தைப்பார்கள் என்று தெரிந்து மூட்டைக்காரர்களே சாக்கில் பூப்போட்டு அனுப்பினார்கள். உண்மைதான். ஆனால் அங்கே ஆடை முதலில், கந்தல் பிறகு. இங்கே ஆடையாகும் முன்பே துணி கந்தலாகிறது. ஆலை முழுத்துணியாக நெய்கிறது, கம்பெனி துண்டாக்குகிறது, வாங்கியவர் மீண்டும் முழுத்துணியாக்க வேண்டும். இந்தச் சுற்றில் தேவைக்கு எங்கே இடம்? ஜீஸ் பெண்டில் தைக்காவிட்டால் குளிர். இங்கே தைக்காவிட்டால் ஒரு குறையும் இல்லை. தவிர, பொட்டலங்களைச் சேர்ப்பவர்களும் அருங்காட்சியகம்தான் நடத்துகிறார்கள். தைக்கும் படியைத் தாண்டிவிட்டார்கள், அவ்வளவே.

அவர்கள் பேணும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். வெயில் படாத இடம். மரப்பலகையின் அமிலம் பருத்தியை மஞ்சளாக்கும் என்பதால் இடையில் ஒரு தாள். தூசி அண்டாத கண்ணாடிச் சாடி. தைக்கும் முன் துவைப்பதும் கூடாது, பல்வெட்டு ஓரம் பிரிந்து அளவு குலையும். இத்தனை ஆசாரம் மூலப்பொருளுக்கு எங்கும் இல்லை; அரிசி மூட்டைக்கு யாரும் ரிப்பன் கட்டுவதில்லை. ஆயுளுக்குள் தைத்துத் தீராத இருப்பைக் குறிக்க இவர்களிடையே சேபிள் என்றொரு கலைச்சொல்லே வழங்குகிறது. நம்மூரில் நகைப்பவர்கள் நவராத்திரித் தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துண்டை நினைத்துக்கொள்ளட்டும். அதுவும் அளவாக வெட்டிய துணிதான், தைக்கப்படாமலே வீடு வீடாகப் போகிறது. ஊர் சுற்றுவது ஒன்றே வேறுபாடு.

எஞ்சியிருப்பது ஒரே மறுப்பு: ஓர் அச்சு ஒரு பருவத்துக்குத்தான் வரும், பிறகு கிடைக்காது, தைக்கத்தான் முன்கூட்டி வாங்குகிறார்கள் என்பது. இதன் முற்பாதி சரி. ஆனால் இனிக் கிடைக்காத துணியில் கத்திரி வைக்க யாருக்கு மனம் வரும்? அதற்காகவே சிலர் இரண்டு வாங்குகிறார்கள், தைக்க ஒன்று, வைக்க ஒன்று. எது தைப்பது, எது வைப்பது என்று முடிவாகும்வரை இரண்டும் அலமாரியில் இருக்கின்றன.