கல்லறைக்கு இடம் போதவில்லை!

தன் சமாதிக்கு இடம் போதவில்லை என்று ஒரு கோயிலையே இடித்தவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ரோமில் ஒருவர் இருந்தார். பெயர், இரண்டாம் ஜூலியஸ். உத்தியோகம், போப்பாண்டவர்!

கவசம் மாட்டிக்கொண்டு போர்க்களத்துக்கே கிளம்பிவிடுகிற ஆசாமி. 1505-ல் சிற்பி மைக்கேலாஞ்சலோவைக் கூப்பிட்டு, சுமார் நாற்பது சிலைகளோடு தனக்கொரு கல்லறைக்கு ஆர்டர் கொடுத்தார். ஆள் அப்போது திடகாத்திரமாக நடமாடிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனிக்க!

அதை வைக்க, ஆயிரத்து இருநூறு வருஷப் பழைய புனித பேதுரு ஆலயத்தில் இடமில்லை. பீரோ வாசலில் நுழையாவிட்டால் நாம் பீரோவைத் திருப்பி அனுப்புவோம். ஜூலியஸ் வீட்டை இடித்தார்! (சுவர்கள் ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருந்தன. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.)

புதுக் கோயில் மோகத்தில் கல்லறை மறந்துபோனது. பளிங்குக் கல்லுக்குப் பணம் கேட்டு நடையாய் நடந்த மைக்கேலாஞ்சலோவை வாசலோடு விரட்டினார்கள். 1506 ஏப்ரல் 18, அடிக்கல் நாட்டு விழா. சிற்பி முதல் நாளே ஃப்ளாரன்ஸுக்கு எஸ்கேப்!

கட்டடக் கலைஞர் பிரமாந்தே, பழைய தூண்களைக்கூட விட்டுவைக்காமல் நொறுக்கினார். ஊர் அவருக்குச் சூட்டிய பட்டம், ‘இடிப்பு மேஸ்திரி’. அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1517-ல் ஒரு நையாண்டிப் புத்தகம் வந்தது. அதில் சொர்க்க வாசலில் பேதுருவே அவரை மடக்கி, கோயிலை ஏன் இடித்தாய் என்று கேட்கிறார். மனிதர் அசரவில்லையே! இங்கே ஏறிவரும் பாதை சரியில்லை, குதிரையிலேயே வருகிற மாதிரி சுழல்பாதை போடலாம், அப்படியே சொர்க்கத்தையும் இடித்துவிட்டு... என்று எஸ்டிமேட்டை நீட்டுகிறார்!

அதே 1517-ல் வந்த இன்னொரு விமர்சனம் அவ்வளவு தமாஷாக இல்லை. கட்டடச் செலவுக்காக அடுத்த போப் பத்தாம் லியோவின் ஆட்கள் ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்க, மார்ட்டின் லூதர் என்ற துறவி கொதித்து எழுந்தார். கோபுர வேலை முடிவதற்குள் வட ஐரோப்பாவில் பெரும்பகுதி கத்தோலிக்க சபையை விட்டே போய்விட்டது.

ஓடிப்போன மைக்கேலாஞ்சலோ? எழுபது வயதுக்கு மேல் சம்பளமே வாங்காமல் அதே கோயிலுக்குத் தலைமை ஏற்றார். அவர் திட்டமிட்ட டோம் 1590-ல், அவர் இறந்து 26 வருஷம் கழித்து மூடப்பட்டது.

முகப்பு எழுந்தது போப் ஐந்தாம் பால் காலத்தில். அதில் பேதுருவின் பெயரைத் தேடாதீர்கள். ‘அப்போஸ்தலர் தலைவர்’ என்று ஒரு ஓரமாக மரியாதை உண்டு. நட்டநடு வாசலுக்கு மேலே பளிச்சென்று இருப்பது ‘போர்கேசே’, ஐந்தாம் பாலின் குடும்பப் பெயர்!

ஜூலியஸின் கல்லறை சுருங்கிச் சுருங்கி, 1545-ல் வேறொரு ஆலயத்தில் போய் உட்கார்ந்தது. அவர் அதில் இல்லை. பேதுரு ஆலயத்தில், தரையோடு தரையாக ஒரு பளிங்குப் பலகைக்கு அடியில் கிடக்கிறார். அதுவும், போப்பாக இருந்த பெரியப்பாவோடு ஷேரிங்!