படியேற்றப் புள்ளிகளை நியாயமாக வழங்குவது குறித்து ஓர் ஆய்வு

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். மலை உச்சி வரை கார் போகும் சாலையும் உண்டு. இரண்டு வழி இருப்பதால்தான் சிக்கல்: "நாங்க படியேறித்தான் போனோம்" என்று சொல்பவருக்கு எவ்வளவு மதிப்புத் தருவது, எத்தனை நாளைக்கு? அறிஞர் உலகம் இதில் கை வைக்கத் தயங்குவது வியப்புக்குரியது.

நடைமுறையில் உள்ள முறையின் பெருங்குறை, புள்ளிக்குக் காலாவதி இல்லாததே. கல்லூரி நாள்களில் ஒருமுறை ஓடி ஏறியவர், ஐம்பது வயதில் காரில் வந்து இறங்கி, வியர்த்து விறுவிறுத்து ஏறி வரும் மச்சினனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார். அவர் ஏறியதற்குச் சாட்சி கூட வந்த அத்தை. அத்தை ஏறியதற்குச் சாட்சி அவர்.

காலாவதி இல்லாத பெருமை உபயதாரருக்கும் உண்டு. பெயர், ஊர், கடை முகவரி எல்லாம் எழுதிய பிறகு, கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வர மிச்சமிருப்பது சொற்ப இடம். பல்பு போன பின்னும் பெயர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

இந்தத் தில்லுமுல்லுகளை உத்திரமேரூர்க்காரர்கள் அன்றே யோசித்திருக்கிறார்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. முந்தைய மூன்றாண்டுகளில் பதவியில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடக் கூடாது. பழைய பெருமைக்குக் கட்டாய ஓய்வு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய உறவினர்களுக்கும் இல்லை. மாமன், சித்தப்பன் என்று பட்டியல் நீள்வதைப் பார்த்தால், எழுதியவர் நிறையச் சொந்தக்காரர்களைக் கண்டு நொந்தவர் என்று தோன்றுகிறது. ஓலையை எடுப்பது ஒரு சிறுவன்; சிபாரிசு செல்லாது. ஆனால் நிலமில்லாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் நுழையவே முடியாது. இந்தப் பகுதியைத் திருத்தணிக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

எனவே முன்மொழிவு இது. படிக்கு ஒரு புள்ளி. நாளொன்றுக்கு ஒரு புள்ளி உதிரும். இன்று ஏறியவர் ஓராண்டு அலட்டிக்கொள்ளலாம், பிறகு மறுபடி ஏற வேண்டும். பிள்ளையைத் தோளில் சுமந்து ஏறுபவருக்கு இரட்டைப் புள்ளி. ஏற இயலாத முழங்கால்காரரிடம் கணக்குக் கேட்கவே கூடாது. உறவினர் சாட்சி செல்லாது.

கணக்கைத் தொடங்க டிசம்பர் 31 இரவின் படித்திருவிழாவே உகந்தது. புத்தாண்டில் வெள்ளைக்கார துரைகளுக்கு வாழ்த்துச் சொல்லி நல்ல பெயர் எடுக்க ஓடியவர்களை முருகனிடம் திருப்பவே வள்ளிமலை சுவாமிகள் இதைத் தொடங்கினார் என்பார்கள். படிக்குப் படி பூஜை, திருப்புகழ். இந்தத் துறையில் முதல் சீர்திருத்தம் அதுதான்.

ஓர் ஆட்சேபம் எழலாம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. அதற்கு முன் ஏறியவரின் புள்ளி எந்த மாநிலக் கணக்கில் சேரும்? ம.பொ.சி. முதலானோர் போராடிப் பெற்ற ஊரில் புதிய எல்லைத் தகராறு வேண்டாம். அந்தப் புள்ளிகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன.

காரில் ஏறிப் படிவழி இறங்குபவருக்குப் பாதிப் புள்ளி. கணக்குப் போட்டால் நூற்று எண்பத்திரண்டரை வருகிறது. அந்த அரைப் புள்ளியை உண்டியலில் போடலாமா என்று தேவஸ்தானத்திடம்தான் கேட்க வேண்டும்.