முதற்பனிக்கு முந்திய மாலை: ஸ்காபரோ வீட்டாரின் ஆயத்த முறைகள் குறித்து ஓர் ஆய்வு

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் வீடும் காரும் உள்ள எந்தத் தமிழரிடமும் பனிக்காலத்துக்கு என்னென்ன ஆயத்தம் தேவை என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். ரயர் மாற்ற வேண்டும், பட்டரி பார்க்க வேண்டும், வெளிக்குழாயை உள்ளே பூட்ட வேண்டும், உப்பு வாங்க வேண்டும், கராஜில் பிள்ளைகளின் சைக்கிள்களுக்குப் பின்னால் கிடக்கும் சவளை வெளியே எடுக்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இன்னும் கொட்டேல்லைத்தானே" என்று ஒரு வசனம் சேர்ப்பார். அந்த வசனமே இந்த ஆய்வின் பொருள்.

நமது கருதுகோள் இது: ஆயத்தம் பற்றிய அறிவு ஆண்டு முழுவதும் சமூகத்தில் பரவிக் கிடக்கிறது, அது செயலாக மாறுவது முதற்பனிக்கு முந்திய மாலை ஐந்து மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் மட்டுமே. இதனை இனி 'கடைசி மாலை விதி' என்று குறிப்போம்.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடலாம். கியூபெக் மாகாணத்தை விலக்கியிருக்கிறோம். அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். பொலிஸ்காரர் வந்து நிற்கும் இடத்தில் மனித இயல்பை ஆராய முடியாது. தென் ஒன்ராறியோவில் அப்படியொரு கட்டாயம் இல்லை. 2016 ஜனவரி முதல், குளிர்கால ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு தரவேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் உண்டு. ஆகவே இங்கு மனிதர் தம் சுதந்திர சித்தத்தின்படி பிந்துகிறார்கள். ஆய்வுக்கு இதைவிடத் தூய்மையான களம் அமையாது.

ரயரிலிருந்து தொடங்குவோம். வெப்பநிலை ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகி, வீதியைப் பற்றும் பிடியை இழக்கத் தொடங்கும். குளிர்கால ரயரின் இறப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் உள்ளே ஒரு பனிப்படிகமும் பொறித்திருக்கும். இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது 'ஏழு பாகை' என்ற எண். பனி விழப் பூச்சியம் அளவுக்கு இறங்க வேண்டும். ரயர் மாற்ற ஏழு போதும். ரொறொன்ரோவில் அந்த இரண்டுக்கும் இடையே பல வாரங்கள் கிடக்கின்றன. அந்த வாரங்களில் கராஜ்காரர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். பிறகு வானிலை அறிவிப்பில் 'நாளை 15 சென்ரிமீற்றர்' என்று வருகிறது. அன்று மாலை நிகழும் தொலைபேசி உரையாடல், சிறு வேறுபாடுகளுடன், ஊர் முழுவதும் இப்படி அமைகிறது:

"அண்ணை, இண்டைக்கு ரயர் மாத்தலாமோ?"

"தம்பி, இனி அடுத்த கிழமைதான்."

"நான் உங்கட பழைய கஸ்டமர் எல்லோ அண்ணை."

"இண்டைக்கு எடுக்கிற எல்லாரும் பழைய கஸ்டமர்தான்."

இதனைக் கடைசி மாலை விதியின் முதற் சான்றாகக் கொள்ளலாம்.

காரின் மற்ற உறுப்புகளை விரைந்து கடப்போம். மைனஸ் 18 பாகையில் பட்டரி தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். ஆகவே இலையுதிர் காலத்தில் முனகிய பட்டரி ஜனவரியில் பேசாது. குளிரக் குளிர, ஆறு பாகைக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம் ரயரின் காற்றழுத்தம் குறையும். கண்ணாடி கழுவ நீல நிறத் திரவம் வேண்டும், மைனஸ் 40 தாங்குமென்று போத்தலில் எழுதியிருப்பது. அங்கே பச்சைத் தண்ணீர் ஊற்றுவது முதல் வருடத்தவரின் அடையாளம்.

வைப்பர் விடயத்தில் மட்டும் அறிஞரிடையே கடும் பிளவு. பனி கொட்டுமுன் வைப்பர் இரண்டையும் நிமிர்த்தி வைப்போர் ஒரு பள்ளி. இறப்பர் கண்ணாடியோடு உறைந்து ஒட்டாது என்பது அவர் வாதம். காற்று அடித்தால் கம்பி கண்ணாடியில் வந்து விழும், அதைவிட ஒட்டியிருப்பதே மேல் என்பது எதிர்ப்பள்ளி. நிமிர்த்தியவற்றுக்குப் பழைய காலுறை மாட்டும் சிறுபான்மையினரும் உளர். மூன்றாவது பள்ளியான சுடுதண்ணிவாதிகளைப் பற்றி ஒன்றே சொல்லலாம்: உறைந்த கண்ணாடியில் கேத்தல் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும். ஆகையால் இப்பள்ளியில் மூத்த அறிஞர்கள் எவரும் இல்லை.

வீட்டைப் பொறுத்தவரை முதன்மையான ஆயத்தம் வெளிக்குழாய். நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது வீதம் பருக்கும். சுவருக்குள் ஓடும் செப்புக்குழாய் அந்த ஒன்பது வீதத்துக்கு இடம் கொடாது, வெடிக்கும். உள்ளே வால்வைப் பூட்டி, வெளியே குழாயைத் திறந்து விட்டு, மீதித் தண்ணீரை வடிய விடவேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த வால்வு பேஸ்மென்ற் கூரையில் இருக்கிறது. பேஸ்மென்றில் வாடகைக்கு மாணவர்கள் இருக்கிறார்கள். வால்வுக்கு நேர் கீழே அவர்களுடைய அரிசி மூட்டை, அதன்மேல் பிரஷர் குக்கர், அதன்மேல் ஒரு லப்ரொப். வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "தம்பி, ஒருக்கா வந்து வால்வு பூட்டோணும்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் போன மாதம் சொன்ன ஹீற்றர் பிரச்சினையைத் திரும்ப எடுப்பார்கள். குழாய்கள் வெடிப்பதற்குப் பௌதிகம் பாதிக் காரணம்தான்.

உப்பைப் பற்றிச் சிறு குறிப்பு. சாதாரண உப்பு மைனஸ் பத்துக்குக் கீழே சோம்பத் தொடங்கும். மைனஸ் இருபதை நெருங்கினால் பனிக்கட்டிமேல் சும்மா கிடக்கும். கடுங்குளிருக்குக் கல்சியம் குளோரைட் கலந்தது வேண்டும். கடைசி மாலையில் கடைக்குப் போனவர் இந்த வேதியியலைப் படிக்கத் தேவையில்லை. அலுமாரி வெறுமையாக இருக்கும்.

இனி ஆய்வின் மையப் பகுதிக்கு வருவோம். வானத்திலிருந்து விழும் பனியோடு ஸ்காபரோவில் எவருக்கும் பெரிய பகை இல்லை. புதிதாக விழுந்தது இலேசு; சவளை வைத்துத் தள்ளினால் போகும். துன்பம் மாநகர சபையின் உழவு வண்டியோடு வருகிறது. விடிய எழும்பி, இரண்டு கார் நிற்கும் டிரைவ்வேயைச் சிமெந்து தெரிய வழித்து, உப்புப் போட்டு, முதுகை நிமிர்த்தும் வேளையில் அது மஞ்சள் விளக்குச் சுழல வளைவில் திரும்பும். நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலகு வீதியின் பனியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து வாசலுக்குக் குறுக்கே ஒரு வரம்பு போட்டுவிட்டுப் போகும். சாரதி சிலவேளை கையும் அசைப்பார்.

அந்த வரம்பை அளப்போம். நீளம் ஆறு மீற்றர், அடியில் அகலம் ஒரு மீற்றர், உயரம் அரை மீற்றர், குறுக்குவெட்டு முக்கோணம். கன அளவு ஒன்றரைக் கன மீற்றர். இது புதுப்பனி அல்ல. நசுங்கி, உப்புநீர் ஊறி, இடையிடையே கல்லாய் இறுகிய கட்டிகள் கலந்தது. கன மீற்றருக்கு 400 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 600 கிலோ. வேலைக்குப் போகுமுன் ஒரு நல்ல எருமையைத் துண்டு துண்டாகத் தூக்கி ஓரம் வைப்பதற்குச் சமம். வீதியிலேயே திரும்பத் தள்ளிவிடலாமே என்றால் அதுவும் சட்டவிரோதம். பனி வழிக்கையில் நெஞ்சு பிடித்து விழுவோர் உண்டு என்று வைத்தியர்கள் ஆண்டுதோறும் எச்சரிப்பது பெரும்பாலும் இந்த வரம்பை நினைத்துத்தான் இருக்கவேண்டும்.

இதற்கும் ஓர் ஆயத்தம் உண்டு என்பதே வியப்பு. வீதியைப் பார்த்தபடி வாசலில் நில்லுங்கள். இந்த நாட்டில் வலப்பக்கம் ஓடுவதால் வண்டி உங்கள் இடக்கைப் பக்கமிருந்து வரும். ஆகவே வாசலுக்கு இடப்புறத்தில், வீதியோரமாக ஒரு துண்டை முன்கூட்டியே வழித்து வெறுமையாக விட்டால், அலகு தன் சுமையின் பெரும்பகுதியை அங்கே கொட்டிவிட்டு உங்கள் வாசலை இலேசாகக் கடக்கும். வழித்த பனியை வலப்புறம் குவிக்கவேண்டும். பலருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் இடப்புறம் வழிப்பதென்றால் பக்கத்து வீட்டுக்காரரின் புல்தரை ஓரத்தையும் சேர்த்து வழிக்க வேண்டியிருக்கும். அவருக்காக இவர் ஏன் வழிக்கவேண்டும் என்ற வினாவில் அறிவியல் தோற்றுவிடுகிறது.

தனிமனிதரை மட்டும் குறைசொல்வது முறையல்ல. 1999 ஜனவரியில் அடுத்தடுத்துக் கொட்டிய பனியில் ரொறொன்ரோ நகரம் திணறியபோது, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே அழைத்தார். மற்றக் கனடியர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கடைசி மாலையையும் தவறவிட்ட ஒரு மாநகரம் வேறென்ன செய்யும்?

பகடி செய்ய விருப்பமில்லாத இடம் ஒன்றே ஒன்று. புதிய ஃபேர்னஸ்களின் புகைக்குழாய், வீட்டின் பக்கச் சுவரில் தரைக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். பனி குவிந்து அதன் வாயை அடைத்தால் சூடு நின்றுபோகும். காபன் மொனொக்சைட் உள்ளே திரும்பவும் கூடும். அதற்கு மணமில்லை. ஒன்ராறியோவில் 2014 முதல் இத்தகைய வீடுகளில் அதற்கான அலாரம் சட்டப்படி இருக்கவேண்டும். பனியில் புதைந்த காரின் புகைக்குழாய்க்கும் இதே கதைதான்: அதைத் தோண்டி வெளியே எடுக்காமல் எஞ்சினைத் தொடக்கக்கூடாது.

நடைமுறைப் பயன் கருதும் வாசகருக்கு: இதை ஒக்ரோபரில் வாசிக்கிறீர்கள் என்றால் கராஜ்காரருக்குப் ஃபோன் எடுங்கள், தேத்தண்ணியை வைத்துவிட்டு உடனே எடுப்பார். நவம்பரென்றால் பேஸ்மென்ற் தம்பிமாரிடம் போய் வால்வைப் பூட்டுங்கள், ஹீற்றரையும் பார்த்துக் கொடுங்கள். டிசம்பரென்றால் உப்பு மிஞ்சியிருக்கும் கடையைத் தேடுங்கள். வெளியே ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, சவளை எடுத்துக்கொண்டு முதலில் அந்த வெள்ளைக் குழாயின் வாயைப் போய்ப் பாருங்கள்.